விதிமுறைப்படி தோற்ற விமானம்

விமானப்படையில் வேலை பார்த்தவன் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வருஷம் பிளேன் ஓட்டினீங்க?" என்பதுதான். நான் ஒரு நாளும் ஓட்டியதில்லை. ஓட்டுகிறவர் ஏறுவதற்கு முன்னால், இது பறக்கத் தகுந்தது என்று கையெழுத்துப் போடுவேன். அவர் இறங்கிய பிறகு, இது எந்த நிலையில் திரும்பி வந்திருக்கிறது என்று கையெழுத்துப் போடுவேன். நடுவில் மேலே என்ன நடந்தது என்பது அவருக்கும் அவரைப் படைத்தவருக்கும் உள்ள விவகாரம். சோவியத் நாட்டு வடிவமைப்பில் வந்த மிக்-21 ரகச் சண்டை விமானங்களோடு எனக்கு இப்படியே இருபத்திரண்டு வருஷம் கழிந்தது. ஒல்லியான உடம்பு, முக்கோண இறக்கை, மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய வாய். அழகு என்று சொல்லமாட்டேன். கூடவே இருந்தால் பிடித்துப்போய்விடும்.

ஓய்வு பெற்று, தாம்பரத்தை அடுத்த செலையூரில் வந்து உட்கார்ந்தபோது தெருவில் எனக்கு வேறோர் உத்தியோகம் தானாக அமைந்தது. சொத்து வரியில் பெயர் மாற்றுவது, ரேஷன் அட்டையில் மருமகளைச் சேர்ப்பது, ஓய்வூதியத்துக்கு உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுப்பது. எதற்கு எந்தப் படிவம், எத்தனை நகல், எந்த ஜன்னல், அந்த ஜன்னல்காரர் எத்தனை மணிக்கு டீ குடிக்க எழுந்து போவார் என்பதுவரை எனக்குத் தெரியும். இதனால் மரியாதை உண்டு. நண்பர்கள் குறைவு.

வீடுகளுக்கு பிராட்பேண்ட் வரத் தொடங்கியிருந்த அந்த ஆண்டுகளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் மனைவியிடம் பள்ளியில் கணக்குப் படித்த பெண் ஒருவர் வீட்டுக்கு வந்தார். முப்பதைத் தாண்டியவர். அப்பாவுக்குப் பம்மலில் தோல் பதனிடும் ரசாயனங்கள் விற்கும் கடை. இவர் கடைப் பக்கம் போகாமல் கம்ப்யூட்டர் படித்து, குரோம்பேட்டையில் ஒரு சின்ன நிறுவனத்தில் வீடியோ கேம் செய்யும் குழுவுக்கு லீடராக இருந்தார். அங்கே எல்லோரும் அவரை அப்படித்தான் அழைத்தார்கள். நானும் இங்கே அப்படியே சொல்கிறேன்.

"மிஸ், சார் இருக்காரா?"

"எங்க போவார்? யாரோட விண்ணப்பத்துலயோ தப்பு கண்டுபிடிச்சிட்டிருக்கார். உள்ள வாடி."

வந்தவர் காபியைக் கையில் வாங்குவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார். "சார், உங்க பிளேன் தோத்துக்கிட்டே இருக்கு."

கனடாவிலிருக்கும் ஒரு வாடிக்கையாளருக்காக அவர்கள் செய்யும் விளையாட்டு அது. பழைய ஜெட் சண்டை விமானங்கள். ஒரு பக்கம் சோவியத், மறுபக்கம் மேற்கு நாடுகள். இணையத்தில் ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொண்டு சண்டை போடலாம். எந்தப் பக்கத்தை எடுத்தாலும் ஏறத்தாழச் சம வாய்ப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் எல்லோரும் ஒரே பக்கம் போய்க் குவிவார்கள், சண்டை போட எதிரி இருக்கமாட்டான். இந்தச் சமன் செய்யும் வேலைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் பேலன்சிங். இப்போது நாலு சண்டைக்கு ஒன்றில்தான் சோவியத் பக்கம் ஜெயிக்கிறது என்றார். வாடிக்கையாளர் கொடுத்த கெடு இரண்டு மாதம்.

"அதுக்குள்ள முடியலைன்னா?"

"கேம் டீமைக் கலைச்சுடுவாங்க சார். நாங்க ஆறு பேரும் அந்தப் பக்கம் போய் இயர்போன் மாட்டிக்கணும்."

அந்தப் பக்கம் என்றால், அதே தளத்தின் மறு பாதி. அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டுக் கேட்டு டைப் அடிக்கிற வேலை அங்கே நடந்தது. லீடர் மூன்று வருஷம் அதில் இருந்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வந்தார்.

"மூணு வருஷம் சார். ஒரு டாக்டர்கூட வாயைத் திறந்து பேசினதில்ல. கனவுல எல்லாம் யாரோ ஒருத்தருக்கு மூட்டுவலி. திரும்ப அங்க போய் உட்கார மாட்டேன். போனா வேலையை விட்டுட்டு அப்பா கடையில பில் போடுவேன்." இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நான் உடனே சரியென்று சொல்லவில்லை. இன்னும் வேலையில் இருக்கிற விமானத்தைப் பற்றி நான் வாய் திறக்கலாமா என்று முதலில் எனக்கே ஒரு விசாரணை நடத்தினேன். பொதுவில் ஏற்கெனவே அச்சாகியிருக்கிற எண்களைத் தவிர வேறெதையும் சொல்லமாட்டேன். எந்த எண்ணைச் சொன்னாலும் அது எங்கே அச்சாகியிருக்கிறது என்று அவர்கள் தேடி வைத்த பிறகே சேர்க்க வேண்டும். இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அவரிடம் கையெழுத்து வாங்கினேன். மனைவி சமையலறையிலிருந்து, "அப்படியே ரெண்டு சாட்சி வேணும்னு கேளுங்க," என்றாள். கேட்டிருப்பேன்; தெருவில் அந்த நேரத்தில் யாரும் இல்லை.

மறுநாள் மின்சார ரயிலில் குரோம்பேட்டை போனேன். ஜி.எஸ்.டி. சாலையில், குளியலறை ஓடு விற்கும் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. கதவைத் திறந்ததும் இடப்பக்கம் இருபது பேர் காதில் இயர்போனோடு, காலால் ஒரு பெடலை மிதித்து மிதித்து, யாரோ ஒருவரின் குடலிறக்கத்தை டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள். வலப்பக்கம் ஆறு பேர், ஆறு திரைகள். அதில் ஒருவருக்கு நாள் முழுக்க விளையாடிப் பார்ப்பதுதான் வேலை. பம்மலில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர்; அங்கே வருகிறவர்களையெல்லாம் விளையாட்டில் தோற்கடித்தே தொழிலைக் கெடுத்துக்கொண்டவர் என்று சொன்னார்கள். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார், நீங்க பைலட்டா?"

"இல்லை."

"அப்ப இன்னா?"

"பைலட் ஏறலாமா கூடாதான்னு சொல்றவன்."

"ஓ, கண்டக்டரு."

இதற்கு மறுப்பு எழுதலாமென்று யோசித்தேன். கொஞ்சம் யோசித்தபோது மறுக்க ஒன்றுமில்லை என்று தோன்றியது.

அவர் எனக்கு விளையாடிக் காட்டினார். என் விமானம் திரையில் நின்றது. நிறம் சரி, வாய் சரி. அடுத்த நொடி அவர் ஒரு விசையை அழுத்த, யாரும் எதையும் சோதிக்காமல், எரிபொருள் எவ்வளவு என்று பார்க்காமல், ஓடுபாதையில் தலைதெறிக்க ஓடி எழும்பியது. சக்கரங்களை உள்ளே இழுக்க மறந்து பத்து நிமிஷம் சண்டை போட்டார். நான் தாளை எடுத்து, ஆறு கட்டம் கோடு போட்டு, குறைகளை எழுத ஆரம்பித்தேன். வரிசை எண், கண்ட குறை, இருக்க வேண்டிய நிலை, சரிசெய்தவர், சரிபார்த்தவர், தேதி. மாலைக்குள் நாற்பத்தொரு குறைகள்.

லீடர் அதை வாங்கிப் பார்த்தார். "சரிபார்த்தவர்ங்கிற இடம் காலியா இருக்கே சார்?"

"அங்க நீங்க கையெழுத்துப் போடணும்."

வீட்டில் 'நீ' என்று கூப்பிட்ட பெண்ணை அலுவலகத்தில் 'நீங்க' என்றேன். பதவிக்கு உள்ளதைப் பதவிக்குக் கொடுக்க வேண்டும். அவரும் ஒவ்வொரு குறையும் தீரத் தீர அந்த வரியில் கையெழுத்துப் போட்டார்.

நாலு வாரம் போனேன். கையேட்டில் இருந்த எண்கள் எனக்கு இன்னமும் பாடம். எந்த உயரத்தில் எவ்வளவு வேகம். இயந்திரத்தின் வாலில் கூடுதல் எரிபொருளைப் பீய்ச்சி எரித்து வேகம் கூட்டுவார்களே, நாங்கள் ரீஹீட் என்போம், அதைத் தொடர்ச்சியாக எத்தனை நிமிஷம் வைக்கலாம். வெட்டித் திருப்பும்போது விமானத்தின் மேல் அதன் எடையைப் போல எத்தனை மடங்கு பாரம் ஏறலாம். இந்த மடங்குக் கணக்குக்கு ஜி என்று பெயர். நான் சொல்வேன், அவர்கள் அது அச்சான இடத்தைத் தேடிப் பிடிப்பார்கள், லீடர் நிரலில் ஏற்றுவார். அவர்கள் முன்பு கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்த எண்களெல்லாம் ஒவ்வொன்றாக வெளியேறின. நாற்பத்தொரு குறைகளும் தீர்ந்த அன்று, ஒரு விமானத்தைப் பட்டறையிலிருந்து வெளியே தள்ளிவிட்ட நிறைவு எனக்கு இருந்தது. மனைவிக்கு மல்லிகைப் பூ வாங்கிக்கொண்டு போனேன். அவள் சந்தேகப்பட்டாள்.

மூன்று நாள் கழித்து வரச் சொல்லி லீடர் கூப்பிட்டார். போனதும், விளையாடிப் பார்க்கும் அந்தப் பம்மல்காரர்தான் முதலில் பேசினார்.

"சார், நீங்க வர்றதுக்கு முன்னால நாலுல ஒண்ணு ஜெயிச்சுகினு இருந்தேன். இப்போ அதுவும் புட்டுக்கிச்சு."

"எப்படி?"

"எப்படின்னா? ரீஹீட்டப் போட்டா நிமிஷக் கணக்கு முடிஞ்சதும் இஞ்சின் ஆஃப் ஆயிடுது. கொஞ்சம் வெட்டித் திருப்புனா ரெக்க கழண்டுகினு பூடுது. எதிராளி இஷ்டத்துக்குத் திரும்பறான், அவனுக்கு ஒண்ணும் ஆவல. செம பேஜாரு சார். பத்துக்கு ஒண்ணுகூடத் தேறல."

கெடுவில் பாதி போயிருந்தது. திரையில் ஒரு வரைபடம் இருந்தது. அதில் ஒரு கோடு கீழே இறங்கிப்போயிருந்தது. கோடு இறங்க ஆரம்பித்த தேதி, நான் முதலில் வந்த தேதி.

"எல்லை எல்லைதானே," என்றேன். "இவர் அதை மதிச்சு ஓட்டணும்."

லீடர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "சார், ஒண்ணு கேக்கறேன். நீங்க சொன்ன அந்த ஜி நம்பரைத் தாண்டினா ரெக்கை உடைஞ்சிடுமா?"

"தாண்டக் கூடாது."

"கூடாதுன்னு தெரியும் சார். தாண்டினா என்ன ஆகும்?"

"தாண்டினா எழுதிக் கொடுக்கணும்."

பம்மல்காரர் சிரிக்க ஆரம்பித்தார். மரியாதைக்காக வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

"அப்ப எதிர்ப் பக்க விமானத்துக்கு நம்பர் எங்கேருந்து எடுத்தீங்க?" என்று கேட்டேன். ஏதாவது கேட்க வேண்டுமே.

லீடர் காட்டினார். தயாரித்தவர்கள் விற்பனைக்காக அச்சடித்த வண்ணத் தாள்களின் படங்கள். அவற்றைப் பார்த்து ரசிகர்கள் எழுதிய இணையப் பக்கங்கள். எல்லாம் ஒரு நாள், ஒரு தடவை, பாரமில்லாத ஒரு புது விமானம் எட்டிப் பிடித்த உச்சங்கள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு மாப்பிள்ளையைப் பற்றி அவருடைய டாக்டரிடம் விசாரித்திருக்கிறோம். இன்னொருவரைப் பற்றிக் கல்யாணத் தரகரிடம். பிறகு இருவரையும் குஸ்திக்கு விட்டிருக்கிறோம்.

டாக்டர் வேலை பார்த்தது நான்.

அன்று திரும்பும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. அடுத்த நிலையமான சானடோரியத்தில் கூட்டம் ஏறியது எனக்குத் தெரியவில்லை. ஒரு விமானி நினைவுக்கு வந்துகொண்டிருந்தார். என்னைவிட வயதில் சின்னவர். ஒரு காலை ஏணியிலிருந்து இறங்கிவந்து, குற்றவாளி போல நின்று, விமானி அறையில் இருக்கும் ஜி மீட்டரைப் பார்க்கச் சொன்னார். அதில் ஒரு முள், போய்த் தொட்ட உச்சத்திலேயே நின்றுகொள்ளும். விமானி மறைக்க முடியாது. எல்லையைத் தாண்டி நல்ல தூரத்தில் நின்றிருந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். நான் பதிவேட்டைத் திறந்தேன். அதற்கு ஒரு சோதனைமுறை உண்டு. மூடிகளைக் கழற்றி, இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் போல்ட்டுகளைப் பார்த்து, தகட்டில் சுருக்கம் உண்டா, பெயின்ட் வெடித்திருக்கிறதா, தகடுகளைப் பிணைக்கும் தறையாணி இழுபட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்து, கண்ணாடி வைத்து, விரலால் தடவி. இரண்டு நாள் பார்த்தோம். ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததில் எனக்கு உண்டான எரிச்சல் இன்னும் நினைவிருக்கிறது. விதியை மீறியவருக்குத் தண்டனையாக ஒரு விரிசலாவது இருந்திருக்க வேண்டாமா?

அது ஒரு தடவை மட்டும் இல்லை. ஜி தாண்டியது, வேகம் தாண்டியது, ரீஹீட்டை அணைக்க மறந்தது என்று இருபத்திரண்டு வருஷத்தில் அப்படிப் பல பதிவுகள் என் கையால் எழுதப்பட்டன. பெரும்பாலும் கடைசி வரி ஒன்றுதான்: குறை ஏதும் காணப்படவில்லை. நான் அவற்றை விமானிகளின் ஒழுக்கக்கேட்டின் வரலாறாகவே நினைத்திருந்தேன். அந்த விமானத்தால் என்னவெல்லாம் முடியும் என்று உண்மையில் எழுதி வைத்திருந்த ஒரே இடம் அந்தப் பதிவுகள்தான் என்பது தாம்பரம் நிலையத்துக்குள் ரயில் நுழையும்போது எனக்குத் தோன்றியது. கையேட்டில் இருந்தது விமானம் அல்ல. ஒவ்வொரு முறையும் திரும்பி வருவதற்கு நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு.

இன்னொன்றும் தோன்றியது, அது அவ்வளவு சுகமாக இல்லை. எல்லையை ஏன் அத்தனை தள்ளி வைத்தார்கள்? உலோகம் களைத்துப்போகும் என்பதற்காக. விமானி பதறுவான் என்பதற்காக. கீழே ஒருவன் ஒரு போல்ட்டைச் சரியாக முடுக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவான் என்பதற்காகவும்தான். அந்த இடைவெளியில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. என் தவறுகளுக்கு முன்கூட்டியே கழித்துக்கொண்ட எண்ணை நான் இத்தனை வருஷமாக விமானத்தின் குணம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் லீடரிடம் சொன்னேன். எண்களை உயர்த்தச் சொல்லவில்லை. அந்தப் பதிவுகளில் நடந்ததைச் சொன்னேன். எந்த விமானம், எந்த நாள் என்று எதுவும் சொல்லவில்லை, எத்தனை என்றும் சொல்லவில்லை. தாண்டினால் என்ன ஆகும் என்று அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. திரும்பத் திரும்பச் செய்தால் எங்கோ ஒரு தறையாணி வரிசை இழுபடும். ரீஹீட்டை வைத்துக்கொண்டே இருந்தால் இயந்திரம் உடனே அணையாது. சூடு ஏறும், வலு குறையும், அடுத்த சண்டைக்கு வராது.

லீடர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ எல்லைங்கிறது சுவர் இல்ல. கடன்."

"உங்க இஷ்டம்போல வச்சுக்கோங்க. நான் எழுதும்போது 'மீறல்'னு எழுதுவேன்."

இப்படித்தான் விளையாட்டில் புதிதாக ஒன்று சேர்ந்தது. சோவியத் விமானம் எல்லையைத் தாண்டலாம். தாண்டத் தாண்ட அதன் உடம்பில் களைப்பு ஏறும். எப்போது கைவிடும் என்று நிச்சயமாகத் தெரியாது. பம்மல்காரர் ஒரு நாள் முழுக்க அதைத் தாண்டிக்கொண்டே இருந்தார். "இப்போதான் சார் பயமா கீது. பயமா இருந்தாதானே ஆட்டம்," என்றார். கோடு ஏறத் தொடங்கியது. ஆனாலும் நாற்பதுக்கு மேல் போகாமல் நின்றது. நூற்றுக்கு நாற்பத்தைந்தாவது வேண்டும்.

நிற்பதற்குக் காரணம் எனக்குத் தெரியும். இந்த விமானம் கொண்டுபோகும் எரிபொருள் குறைவு. ரீஹீட் போட்டுச் சண்டை போட்டால் சில நிமிஷத்தில் வீடு திரும்ப வேண்டும். அது உண்மை, உலகம் முழுக்கத் தெரிந்த உண்மை. லீடர் அன்று பிற்பகல் என்னைக் கேட்காமல் எரிபொருளை இரண்டு மடங்காக்கினார்.

"அவ்வளவு எண்ணெயை எங்க ஊத்துவீங்க? ரெக்கைக்குள்ள இடமே கிடையாது," என்றேன்.

"கேம்ல இடம் இருக்கு சார்."

"இது பொய்."

"ஆமா சார். நிஜமா விட்டா யாரும் அதுல ஏறமாட்டாங்க. யாரும் ஏறாத பிளேன் எவ்வளவு நிஜமா இருந்து என்ன?"

அதன் பிறகு பின்பக்கம் பார்க்கும் கோணத்தைக் கூட்டினார், குண்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டினார், தரையிறங்கும் வேகத்தைக் குறைத்தார். மொத்தம் பதினொரு இடங்களில் விமானம் உண்மையிலிருந்து விலகியது. கோடு நாற்பத்தெட்டில் வந்து நின்றது. அன்று ஆறு பேரும் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தார்கள். எனக்கும் ஒரு பார்சல் வந்தது.

கெடு முடியும் வாரம், வியாழக்கிழமை, கனடாவிலிருந்து ஒரு தாள் வந்தது. இந்த விமானங்கள் வரலாற்றுக்கு உண்மையானவை என்று விளம்பரம் செய்யப்போகிறார்களாம். எனவே, சோவியத் விமானத்தில் வேலை பார்த்தவர் என்ற முறையில், எல்லா மதிப்புகளும் அசலுக்கு உண்மையானவை என்று நான் கையெழுத்திட்டுத் தர வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைக்குள். லீடர் தாளை மேஜையில் வைத்து, பேனாவை மூடி திறந்து அதன் மேல் வைத்தார்.

நான் இரண்டு முறை படித்தேன். "இதுல நான் போட முடியாது."

"சார், இது கேம்."

"கேம்தான். கையெழுத்து என்னுது."

"ஆறு பேர் சார்." குரலை உயர்த்தவில்லை. தலையை மட்டும் இடப்பக்கம் லேசாகத் திருப்பினார். அங்கே இருபது கால்கள் பெடல் மிதித்துக்கொண்டிருந்தன.

பம்மல்காரர் இடையில் புகுந்தார். "அக்கா, நான் போடட்டா? சாரு பேர்ல அழகா போட்ருவேன்."

"நீ சும்மா இருடா."

எனக்குத் தெரிந்த ஒரு வழி இருந்தது. குறையோடு ஒரு விமானத்தை அனுப்பவே கூடாது என்று யாரும் சொன்னதில்லை. குறை என்னவென்று தெரிந்து, அது இன்னின்னது என்று எழுதி, இந்த அளவுக்கு அனுமதிக்கலாம் என்று ஒருவர் பொறுப்பேற்றால் அனுப்பலாம். மறைத்து அனுப்புவதுதான் குற்றம். ஒரு வெள்ளைத்தாள் கேட்டு, கீழ்க்கண்ட பதினொரு இனங்கள் தவிர ஏனையவை உண்மை என்று எழுதி, பதினொன்றையும் வரிசையாகப் போட்டேன். அசல் என்ன, விளையாட்டில் என்ன, மாற்றியதன் காரணம் என்ன. கீழே கையெழுத்து.

லீடர் படித்தார். "இதை அனுப்பினா மூடிடுவாங்க. உண்மையானதுன்னு விளம்பரம் பண்ணப்போறவங்ககிட்ட பதினோரு பொய்னு பட்டியல் கொடுக்கறோம்."

"மூடலாம்."

"உங்களுக்கென்ன சார். நீங்க வீட்டுக்குப் போயிடுவீங்க."

உண்மைதான். நான் வீட்டுக்குப் போய்விடுவேன். மறுநாள் யாருடைய சொத்து வரியையாவது சரி செய்துகொண்டிருப்பேன். வேண்டுமானால் என் பெயரே இல்லாமல் அனுப்பிவிடுங்கள், வேறு யாரிடமாவது கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் எழுந்து, இரண்டு பாதிக்கும் நடுவிலிருந்த தண்ணீர் கேன் அருகே போய், ஒரு டம்ளர் பிடித்து, குடிக்காமல் நின்றார். பழைய சிநேகிதி ஒருத்தி இயர்போனை ஒரு காதிலிருந்து தள்ளி ஏதோ கேட்டாள். லீடர் தலையசைத்தார்.

திரும்பி வந்து, என் கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தார்: மேற்கண்ட பதினொரு மாற்றங்களையும் முடிவு செய்தது நான். தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு, "நான் வூட்டுக்குப் போறேன்," என்று பம்மல்காரரின் பாஷையிலேயே சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு உள்ளுக்குள் நடுங்கும்போதுதான் அந்தப் பாஷை வரும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை முழுக்கப் பதில் வரவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் தெருவில் யாருடைய விண்ணப்பத்தையும் தொடவில்லை. "சரியாத்தானே செஞ்சீங்க?" என்றாள் மனைவி. சரியாகத்தான் செய்தேன். விலையைக் கொடுக்கப் போவது வேறொருவர் என்றால், சரியாகச் செய்வதில் அவ்வளவு பெருமைப்பட ஒன்றுமில்லை.

திங்கள் காலை யாரும் கூப்பிடாமலே குரோம்பேட்டை போனேன். லீடர் திரையை என் பக்கம் திருப்பினார். பதில் மூன்றே வரி. பட்டியல் கிடைத்தது. இதே போன்ற பட்டியல் எதிர்ப் பக்க விமானங்களுக்கும் வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்த பிறகே வெளியீடு. அதுவரை கெடு தள்ளிவைக்கப்படுகிறது.

"இதுக்கு என்ன அர்த்தம் சார்? ஆமாவா, இல்லையா?"

"படிவம் கேட்டிருக்காங்க. மூடுறவங்க படிவம் கேக்கமாட்டாங்க."

"நிச்சயமா?"

"எனக்கு நிச்சயமாத் தெரிஞ்ச விஷயம் இது ஒண்ணுதான்."

அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். பம்மல்காரர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். பிறகு லீடர் கையை எடுத்து, மூக்கை உறிஞ்சி, "சரி, அந்தப் பக்கத்து பிளேனைப் பத்தி யாருக்குத் தெரியும்?" என்றார்.

யாருக்கும் தெரியாது. தாம்பரத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில்வரை வீடு வீடாகத் தேடினாலும் அந்த விமானங்களில் போல்ட் முடுக்கியவர் ஒருவர் கிடைக்கமாட்டார். எங்களிடம் இருந்தது விற்பனைத் தாள்கள் மட்டும். நான் ஸ்கேலை எடுத்துக் கோடு போட்டேன். மதிப்பு என்ன, சொன்னவர் யார், தாண்டிப் பார்த்தவர் யார். முதல் விமானத்தின் அதிகபட்ச வேகத்தை லீடர் எழுதினார். சொன்னவர் என்ற கட்டத்தில், 'விற்றவர்' என்று எழுதினார். மூன்றாவது கட்டத்தில் பேனாவை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"தெரியாது," என்றேன்.

"அதையே எழுதட்டா?"

"எழுதுங்க. பக்கத்துல நான் கையெழுத்துப் போடறேன்."